மயில்கழுத்தா, சந்தன வெள்ளையா? ஒரே அறைக்கு இரண்டு நிறங்களை ஒப்பிடும் முறை

ஷேடு கார்டை விரித்து வைத்து, அடர்ந்த மயில்கழுத்து நீலத்தின் மேல் ஒரு விரல், சந்தன வெள்ளையின் மேல் இன்னொரு விரல். 'இதா, அதா' என்று கண் மாறி மாறி ஓடும். சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்களும் ஒன்றைப் பற்றி ஒன்று பொய் சொல்லும். வெள்ளை அருகில் இருப்பதால் நீலம் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். நீலம் அருகில் இருப்பதால் வெள்ளை உள்ளதைவிடப் பளிச்சென்றும், லேசாக மஞ்சள் ஏறியது போலவும் தெரியும். எதை வேண்டாம் என்று ஒதுக்குகிறோமோ அதுதான் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. கடைசியில் சுவரில் ஏறப்போவது ஒன்று மட்டும்தான் என்றால், அந்தப் பக்கத்துத் துணை அங்கே இருக்காது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பாரிசில் கோப்ளான் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரூலிடம், கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை அவர் 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். இன்றைய ஷேடு கார்டுகளிலும் அதே கதைதான், சதுரத்துக்குச் சதுரம்.

ஆகவே முதல் விதி: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அதுவும் கார்டில் வேண்டாம், பலகையில் பாருங்கள்.

பலகை செய்வது எப்படி

2 அடிக்கு 2 அடி அளவில் மெல்லிய பிளைவுட் அல்லது கெட்டி அட்டை, ஒரு நிறத்துக்கு இரண்டு வீதம், மொத்தம் நான்கு துண்டுகள் போதும். பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் அசல் எமல்ஷன், சந்தனத்துக்கு இரண்டு கோட்டு, மயில்கழுத்துக்கு மூன்று. பிரஷ் வேண்டாம், சின்ன ரோலரால் ஓட்டுங்கள்; பிரஷ் கோடுகள் வெளிச்சத்தை வேறுவிதமாகத் தெறிக்கவிடும். ஓரத்தில் வெள்ளை விளிம்பு எதையும் விடாதீர்கள். விளிம்பு விட்டால் அடர்நிறம் இன்னும் அடர்ந்து தெரியும், பழைய கதைதான். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. எமல்ஷனில் இருக்கும் அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரை பால்போல் இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் நிறம் காயக் காய ஒரு படி இறங்கும். மயில்கழுத்தில் இந்த மாற்றம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள்.

இரண்டு பலகைகள் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறத்தின் இரண்டு பலகைகளையும் அறையின் மூலையில், செங்கோணமாக, ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்துங்கள். உள்மடிப்பை உற்றுக் கவனித்தால் அங்கே நிறம் கூடுதல் அழுத்தமாக இருப்பது தெரியும். ஒரு பலகையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டு மற்றதில் விழுகிறது. அங்கே இன்னொரு முறை வடிகட்டப்படுகிறது. நான்கு சுவருக்கும் அடித்தால் அறை முழுவதும் இதுதான் நடக்கும். கார்டில் மங்கலாக, அடக்கமாகத் தெரிந்த சந்தனம் அறையில் கெட்டி மஞ்சளாக மாறிவிட்டது என்று வரும் புலம்பலுக்குப் பெயின்ட் கடைக்காரர் காரணமில்லை, இந்த மடிப்புதான் காரணம். நடுத்தர, இளநிறங்களில் இந்த ஏற்றம் அதிகம் தெரியும். அதனால் சந்தன வெள்ளை பிடித்திருந்தால் கார்டில் ஒரு படி மேலே, இன்னும் வெளிறிய ஷேடை எடுப்பது நல்லது. மயில்கழுத்துக்கு இந்தத் திருத்தம் அவ்வளவாக வேண்டாம்; பட்ட வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுவதால் தெறிப்பதற்கு மிச்சம் குறைவு.

ஒரு நிறத்தைப் பார்க்கும்போது மற்றதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். பழைய சுவர் நிறமும் குறுக்கே வரும் என்பதால் பலகையைச் சுற்றி ஒரு சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிடலாம். அறைக்குள் வந்ததும் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். அந்த வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டும். காலை, உச்சிவேளை, விளக்கு போட்டபின் என்று மூன்று வேளையும் பாருங்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே மதிப்பு தராதீர்கள். எந்த வேளையில் அந்த அறையில் அதிகம் புழங்குகிறீர்களோ அந்த வேளையின் தீர்ப்புதான் செல்லும். இரவில் மட்டும் நுழையும் படுக்கையறையின் நிறத்தைப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை.

வெளிச்சக் கணக்கு

பல நிறுவனங்கள் ஷேடு எண்ணோடு எல்ஆர்வி என்று ஓர் எண்ணையும் தருகின்றன. அந்த நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைத் திருப்பித் தருகிறது என்பதுதான் அது. சந்தன வெள்ளை 75-ஐ ஒட்டி இருக்கும், அடர் மயில்கழுத்து 8-ஐ ஒட்டி. இந்த இரண்டு எண்களை வைத்து, பெயின்ட் வாங்குவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். சுவர் 396 சதுர அடி. கூரை 120, தரை 120. கூரை வெள்ளை, எல்ஆர்வி 85. தரை நடுத்தர நிறம், 30. கதவு ஜன்னலை இப்போதைக்கு மறந்துவிடலாம். நான்கு சுவரும் சந்தன வெள்ளையானால் அறை சராசரியாகத் திருப்பித் தரும் வெளிச்சம் சுமார் 68 சதவீதம். நான்கும் மயில்கழுத்தானால் சுமார் 27. அறைக்குள் வந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் தெறித்து, மறுபடி பட்டு, மறுபடி தெறித்து எத்தனை மடங்காக வேலை செய்கிறது என்பதை, ஒன்றிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து, வரும் விடையால் ஒன்றை வகுத்துத் தோராயமாகச் சொல்லலாம். வெள்ளை அறையில் 3.2 மடங்கு, நீல அறையில் 1.4 மடங்கு. பாதிக்கும் கீழே. வெள்ளையில் 2,000 லூமன் விளக்கு போதும் என்றிருந்த அறைக்கு, அதே அளவு பரவலான வெளிச்சம் வேண்டுமானால் நீலத்தில் 4,600 லூமன் போல வேண்டும். மேசைமேல் நேராக விழும் விளக்கின் வெளிச்சம் இவ்வளவு குறையாது. குறைவது மூலைமுடுக்குகளுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம்.

ஒரே ஒரு 12 அடிச் சுவர் மட்டும் நீலம், மற்ற மூன்றும் வெள்ளை என்றால்? சுமார் 2.3 மடங்கு. அதாவது கால் பங்குக்குச் சற்று மேல் இழப்பு. இது பெரும்பாலான அறைகள் தாங்கக்கூடிய இழப்புதான். 'ஒரு சுவர் மட்டும் அடர்நிறம்' என்ற வழக்கம் இத்தனை பரவியதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இந்தக் கணக்கைப் பார்த்து வெள்ளைதான் எப்போதும் பத்திரம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்காது, வந்ததைத் திருப்பித்தான் தரும். நேர் வெயிலே எட்டாத, சின்ன ஜன்னல் வைத்த அறையில் சந்தன வெள்ளை பளிச்சென்று நிற்காது; மூலைகளில் சாம்பல் பூத்து, அழுக்கடைந்தது போல இருக்கும். அதே அறையில் மயில்கழுத்து இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் அழுக்காகத் தெரியாது. மூலையின் நிழலும் சுவரும் ஒன்றாகிவிடுவதால் சுவர் எங்கே முடிகிறது என்பதே சரியாகப் புலப்படாது. அடர்நிறம் அறையைச் சிறிதாக்கும் என்ற பேச்சு பாதி உண்மைதான். பகலில் தாராளமாக வெளிச்சம் வரும் அறையில் அந்தச் சுவர் கண்ணை நிறுத்தும். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் வாழும் அறையில் அதே சுவர் பின்வாங்கும்.

விளக்கும் ஜன்னலும் செய்யும் மாற்றம்

2700 கெல்வின் மஞ்சள் வெளிச்ச எல்இடியில் நீலப் பங்கு குறைவு. இல்லாத நீலத்தை எந்தச் சுவராலும் திருப்பித் தர முடியாது. அதனால் மயில்கழுத்து அந்த வெளிச்சத்தில் கறுப்பை நோக்கி இறங்கும், மிச்சமிருக்கும் பச்சை மட்டும் எட்டிப் பார்க்கும். சந்தன வெள்ளையோ அதே விளக்கில் நெய் வார்த்தது போலக் கனிந்துவிடும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் தலைகீழ்: நீலம் துடிப்பாக நிற்கும், சந்தனம் தன் சூட்டை இழந்து வெறும் வெளிறலாகிவிடும். இரண்டு நிறமும் ஒரே அறையில் வரப்போகிறது என்றால் 4000 கெல்வினை ஒட்டி, சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு இரண்டுக்கும் நியாயம் செய்யும். ஒன்று மட்டும்தான் என்றால் விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் கீழே பலகையைப் பாருங்கள். பெயின்ட் அடித்தபின் விளக்கை மாற்றினால் வேறு ஷேடு வாங்கியது போல்தான்.

திரைத்துணிக்கு ஏற்ற நீலம் வேண்டும் என்று துணியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினால், கடை விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வீட்டில் துணி ஊதாவாகவும் சுவர் பச்சையாகவும் பிரிந்து நிற்கலாம். துணிச் சாயமும் பெயின்ட் நிறமியும் வேறு வேறு பொருட்கள். ஒரு வெளிச்சத்தில் அவை ஒத்துப்போனது தற்செயல். பலகையும் துணியும் சந்திக்க வேண்டிய இடம் அந்த அறைதான்.

வெள்ளைக்கு வேறொரு பலவீனம் உண்டு. எதிரே இருப்பதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். செந்நிறத் தரை இருந்தால் சுவரின் கீழ் மூன்றடி ரோஜா சாயலாகும்; ஜன்னலுக்கு வெளியே மரம் அடர்ந்திருந்தால் ஒரு பக்கம் பச்சை ஏறும். கடையில் ஷேடு தவறாகக் கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன், ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். தாளிலும் அதே சாயல் தெரிந்தால் குற்றவாளி தரையோ மரமோதான்.

எந்தச் சுவருக்கு நீலம்

ஒரு சுவருக்கு மட்டும் என்று முடிவானால், அது எந்தச் சுவர் என்பது நிறத்தைவிடப் பெரிய கேள்வி. ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டவே வேண்டாம். பளீரென்ற ஜன்னலைச் சுற்றி இருட்டுச் சுவர் இருந்தால் கண் கூசும்; பகல் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலிதான் மிச்சம். அதோடு ஜன்னல் சுவரில் நேர் வெளிச்சம் படாது என்பதால், பார்த்துப் பார்த்து எடுத்த நீலம் அங்கே பகலில்கூடக் கறுப்பாகத்தான் தெரியும்.

ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்களில் வெளிச்சம் சாய்வாக உரசிக்கொண்டு போகும். பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அங்கே நிழல் விழுந்து தெரியும். மிச்சமிருப்பது ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். அங்கே நிறம் உண்மையாகத் தெரியும், குறைகள் மறையும். ஆனால் பகல் வெளிச்சத்தை அதிகம் வாங்கித் திருப்பித் தரும் சுவர் அதுதான், நீலம் அடித்தால் அந்த வரவு நின்றுபோகும். ஜன்னல் பெரிதாக இருந்தால் தயங்காமல் எதிர்ச் சுவர். ஜன்னல் சிறிதாக இருந்தால், பக்கவாட்டில் ஒரு சுவரை எடுத்து, பட்டி வேலையில் ஒரு நாள் கூடுதலாகச் செலவழிப்பதே மேல். டிவி மாட்டும் சுவராக இருந்தால் நீலத்துக்கு இன்னொரு ஓட்டு விழும்: திரையின் கறுப்புக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைவதால் அணைத்து வைத்த டிவி பெரிய ஓட்டை போலத் தெரியாது.

வெள்ளை ஸ்விட்ச் போர்டு, வயர் கேசிங், ஏசி குழாய் இவையெல்லாம் சந்தனச் சுவரில் இருப்பதே தெரியாது. நீலத்தில் ஒவ்வொன்றும் பல் இளிக்கும். அவற்றை எண்ணிப் பாருங்கள். மூன்று நான்குக்கு மேல் போனால் வேறு சுவரைத் தேடலாம்.

சுவர் தயாரா

அடர்நிறம் சுவரின் தரத்தை அம்பலப்படுத்தும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழும் இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, பட்டி வைத்து, 180 எண் உப்புத்தாள், பிறகு 220, நீலச் சுவருக்குக் கடைசியாக 320. தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்தால் அது தூளின் மேல்தான் ஒட்டும், சுவரின் மேல் ஒட்டாது. சந்தனத்துக்கு 220-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.

பளபளப்பு கூடக் கூடக் குறையும் கூடுதலாகத் தெரியும். ஆனால் மேட் நீலத்தில் நகம் பட்டால், நாற்காலி முதுகு உரசினால், அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும். துடைக்கத் துடைக்க இன்னும் மினுங்கும். நடமாட்டம் உள்ள சுவருக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லேசான ஷீன்தான் சரி, அதற்கு ஏற்றாற்போல் பட்டி வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஓதம் ஏறும் சுவர் என்றால் இரண்டு நிறமும் வேண்டாம். வெள்ளையில் பழுப்புக் கறை, நீலத்தில் வெள்ளை உப்புப் பூ. நீர் வரும் வழியை அடைத்துவிட்டு அப்புறம் ஷேடு கார்டைப் பிரியுங்கள்.

டப்பாவுக்குள் என்ன வேறுபாடு

ஒரே பெயர், ஒரே விலைப்பட்டியல், ஒரே டப்பா. ஆனாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. இளநிறங்கள் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்த வெள்ளை பேஸில் கலக்கப்படுகின்றன, அடியில் இருப்பதை மறைப்பது அந்த வெள்ளைதான். அடர்நிறங்களுக்கு அந்த வெள்ளை மிகக் குறைவாக உள்ள டீப் பேஸ். மறைக்கும் வேலை முழுவதும் கலர் பேஸ்ட்டின் தலையில். அதனால் மயில்கழுத்தின் முதல் கோட்டு திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். அது இயல்பு. மூன்றாவது கோட்டு வரை தீர்ப்பு வேண்டாம். கதவும் ஜன்னலும் போக 360 சதுர அடியை நான்கு சுவரும் சந்தனமாக இரண்டு கோட்டு அடிக்க, லிட்டருக்கு 110 சதுர அடி என்ற கணக்கில் ஆறரை லிட்டர். அதே நான்கு சுவரும் நீலமாக மூன்று கோட்டு என்றால் பத்து லிட்டர்.

நீலத்துக்கு அடியில் வெள்ளை பிரைமர் போடுவது வீண் செலவு. அதே ஷேடின் ஆழத்துக்கு நெருங்கிய சாம்பல் நிறத்தில் பிரைமரை டின்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு கோட்டு மிச்சமாகும். பின்னாளில் கீறல் விழுந்தாலும் உள்ளிருந்து வெள்ளைக் கோடு பல்லைக் காட்டாது. கலர் பேஸ்ட் அதிகம் சேர்ந்த பெயின்ட் மெதுவாகக் காயும். டப்பாவில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நீலத்துக்கு ஓர் இரவு விடுவது நல்லது. தண்ணீரையும் டப்பாவில் சொன்ன அளவின் கீழ் எல்லையிலேயே நிறுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். மெஷினில் கலந்த டப்பாக்களுக்குள்ளும் ஒரு மயிரிழை வேறுபாடு இருக்கும், சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது கோடாகத் தெரியும்.

சந்தனத்தை இடையில் நிறுத்தி, காப்பி குடித்துவிட்டு வந்து தொடரலாம். நீலம் அதற்கு இடம் தராது. ஒரு சுவரை ஆரம்பித்தால் ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை ஓட்டி, மறு மூலை வரை போய்த்தான் நிற்க வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஓரங்களைப் பிரஷால் வெட்டும் வேலையை அறை முழுவதற்கும் முன்கூட்டியே செய்து வைத்தால் அது காய்ந்து, சுவரைச் சுற்றிப் படச்சட்டம் போட்டது போலாகும். ஒரு சுவருக்கு மட்டும் ஓரம் வெட்டி, உடனே ரோலர்.

இரண்டும் சந்திக்கும் கோடு

முதலில் கூரை, அடுத்து சந்தனம், கடைசியாக நீலம். சந்தனம் நீலச் சுவருக்குள் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். அது குறைந்தது ஒரு நாள் காய்ந்தபின் மாஸ்கிங் டேப். கோட்டைச் சரியாக மூலையிலேயே வைக்காதீர்கள். பட்டி பார்த்த எந்த மூலையும் நேராக இருப்பதில்லை. நீலச் சுவரின் பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் தள்ளி, தட்டையான பரப்பில் கோடு விழும்படி ஒட்டினால் நேர்க்கோடு கிடைக்கும். ஒட்டிய டேப்பின் ஓரத்தில் முதலில் சந்தனத்தையே ஒரு தீற்று தீற்றுங்கள். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது கசிந்து அடைத்துக்கொள்ளும், கசிந்ததும் சந்தனம் என்பதால் கண்ணில் படாது. அது காய்ந்தபின் நீலம். கடைசிக் கோட்டு முழுதாக இறுகுவதற்குள், 45 பாகை சாய்வில், மெதுவாக உரியுங்கள். மறுநாள் உரித்தால் பெயின்ட் படலமும் கூடவே கிழிந்து வரும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் இரண்டிலும் நிற்கிறதென்றால் சந்தனத்தில் ஆரம்பியுங்கள். சந்தனத்தின் மேல் நீலம் ஏற்றுவதும், நீலத்தை வெள்ளை பிரைமரால் மூடிச் சந்தனத்துக்குத் திரும்புவதும் தாளில் ஒரே அளவு வேலையாகத் தெரியும். நடைமுறையில் ஓரங்களிலும் ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் நீலம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எதை அடித்தாலும் மூன்று நான்கு வாரம் வரை அழுத்தித் தேய்த்துக் கழுவாதீர்கள். தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இறுக அவ்வளவு நாள் பிடிக்கும். மிச்சப் பெயின்ட்டைச் சின்ன டப்பாவில் கழுத்து வரை நிரப்பி மூடி, ஷேடு எண், பேஸ், தேதி, எந்தச் சுவர் என்று மூடியிலேயே எழுதுங்கள். சந்தனத்தில் விழும் கறைமேல் சின்ன ரோலரால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் தெரியாமல் போகும். நீலத்தில் எவ்வளவு கவனமாக ஒட்டுப்போட்டாலும் பக்கத்திலிருந்து பார்த்தால் திட்டு தெரியும். அங்கே மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் ஒரு கோட்டு அடிப்பதுதான் வழி. 12 அடிக்கு 9 அடிச் சுவருக்கு அது ஒரு லிட்டர் பிடிக்கும். அந்தச் சுவருக்கு மூன்று கோட்டுக்கான மூன்று லிட்டர் வாங்கும்போதே நான்காவது லிட்டரையும் சேர்த்துக் கலக்கச் சொல்லிவிடுங்கள்.